நாற்பது வருஷ நர்ஸுக்கு மாத்திரை தெரியாதா?

கேள்வி: வயதானவர்கள் சேர்ந்து துப்பறியும் ‘கோஸி’ வகை நாவல் ஒன்றை ஆசையாக வாங்கினேன். ஓய்வுபெற்ற நர்ஸ், கணக்காளர், பள்ளி ஆசிரியை என்று மூன்று தோழிகள். அவர்களுடைய வாசிப்புக் குழுவின் பொருளாளர் திடீரென்று இறந்துபோகிறார். தொடக்கம் அருமையாக இருந்தது, முடித்தபோது வெறுப்புதான் மிஞ்சியது. நான் அதிகம் எதிர்பார்த்துவிட்டேனோ?

பதில்: இல்லவே இல்லை. நானும் அதை வாசித்தேன், எனக்கும் அதே ஏமாற்றம்தான். கோஸி என்றால் ரத்தமும் கொடூரமும் நம் கண்முன்னே நடக்காது, பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த சின்ன வட்டம், துப்பறிபவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார். அவ்வளவுதான். அதற்காகப் புதிரும் சப்பென்று இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

அந்த நர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் கட்டில் பக்கத்தில் கிழமைவாரியாகப் பிரித்த மாத்திரை டப்பா இருக்கிறது, செவ்வாய்க்கிழமை அறை காலி, புதன்கிழமை அறையில் இரண்டு பங்கு மாத்திரை. நாற்பது வருஷம் வார்டில் மருந்து கொடுத்தவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அங்கேயே நின்றிருக்க வேண்டாமா? இவரோ தன் மூட்டுவலியைப் பற்றி ஒரு பக்கம் பேசிவிட்டு வெளியே போய்விடுகிறார், அறுபது பக்கம் கழித்து ஓர் இளம் இன்ஸ்பெக்டர் வந்து அதைக் கண்டுபிடிக்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கணக்காளரும் அப்படித்தான், செத்துப்போனவர் பொருளாளர் என்று தெரிந்தும் குழுவின் வரவு செலவு நோட்டைப் புரட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தொலைப்பதும் செல்போன் புரியாமல் விழிப்பதும்தான் இவர்களுக்குக் கிடைத்த வேலை. வயதான மனிதர்களை மதித்து எழுதியவர் இப்படிச் செய்திருக்க மாட்டார்.

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் பாட்டி மிஸ் மார்பிளை நினைத்துப் பாருங்கள். 1927இல் ஒரு சிறுகதையில் வந்தார், 1930இல் முதல் நாவல். பின்னல் வேலையோடு மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவிதானே என்று மற்றவர்கள் அலட்சியமாக இருப்பார்கள், அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் தன் கிராமத்தில் பல வருஷமாகப் பார்த்துப் பழகிய யாரோ ஒருவரின் குணம் அவருக்கு ஞாபகம் வரும், அதைப் பிடித்துக்கொண்டு போய்க் குற்றவாளியிடம் நிற்பார். அவர் துப்பறியும் முறையே அவருடைய வயதிலிருந்து வருகிறது, இருபத்தைந்து வயதுப் பெண்ணால் அந்தக் கதைகளை நடத்தியிருக்க முடியாது. நீங்கள் வாசித்த நாவலில் மூவருக்கும் முப்பது வயது என்று மாற்றிப் பாருங்கள், ஒரே ஓர் இடத்தைத் தவிரக் கதை துளிகூட மாறாது.

கேள்வி: கடைசியில் கொலைகாரரே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். இப்படி முடிக்கலாமா?

பதில்: ஒப்புக்கொள்வது தப்பில்லை, துப்பறிபவர்கள் வலை விரித்து அதில் சிக்கியிருந்தால். இங்கே யாரும் வலை விரிக்கவில்லை. அதைவிட மோசம், கொலை செய்த அந்த மருமகன் கதைக்குள் வருவதே கடைசிக் கால்வாசியில்தான். 1929லேயே ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர், இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும் என்பதுதான் அதில் முதல் விதி. தற்செயலாக எதுவும் துப்பறிபவருக்கு உதவக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்றும் சொன்னார். எல்லா விதியையும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, நல்ல எழுத்தாளர்கள் மீறியும் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் இந்த மூன்றும் வாசகருக்குச் செய்ய வேண்டிய நியாயம். ராத்திரி முழுக்க யார் யார் என்று யோசித்துக்கொண்டே வாசிக்கிறோம், அறிமுகமே ஆகாத ஒருவரைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த யோசனைக்கெல்லாம் என்ன மரியாதை?

கேள்வி: இதன் இரண்டாம் பாகமும் வந்திருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அப்படிச் சொல்வதற்கு ஒரே காரணம் அந்த ஆசிரியை. மொட்டைக் கடிதத்தில் ஒரே சொல் மூன்று இடத்தில் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருப்பதைப் பார்த்து, இருபது வருஷத்துக்கு முன்னால் தான் சிவப்பு மையில் திருத்திக்கொடுத்த பையனை அவர் அடையாளம் காண்கிறாரே, அந்த ஒன்றரைப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடுத்த பாகத்தில் அவரே முன்னால் நடந்தால் நானும் வாசிப்பேன்.