வாய் பேசாத பிள்ளைகளா?

வணக்கம் சார்,

தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் மற்றவர்களோடு ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள், குரூப் ஆக்டிவிட்டி என்றால் வாயே திறப்பதில்லை. 'வீட்டுச் சூழல் அப்படி' என்கிறார்கள் மற்ற டீச்சர்கள். பின்னணி இவ்வளவு பாதிக்குமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

பாதிக்கும், ஆனால் உங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்கிற மாதிரி இல்லை. அதே பிள்ளைகளை அவர்கள் தெருவில் போய்ப் பாருங்கள். அவுட்டா இல்லையா என்று தொண்டை கிழிய வாதாடி, அழுகிற பொடியனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்து, சண்டை போட்டவனையே அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார்களே, அது பேச்சுத்திறன் இல்லாமல் வேறென்ன?

1960களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பினச் சிறுவர்களைப் பற்றியும் இப்படித்தான், அவர்களுக்கு மொழியே போதவில்லை என்று கல்வியாளர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மொழியியலாளர் வில்லியம் லபோவின் குழு எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பேட்டி எடுத்தபோது ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. இத்தனைக்கும் பேட்டி எடுத்தவரும் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பர்தான். அடுத்த முறை அவர் சிப்ஸ் பாக்கெட் வாங்கிக்கொண்டு, பையனின் நெருங்கிய நண்பனையும் கூட்டிவந்து, தரையில் உட்கார்ந்து, பெரியவர்கள் முன் சொல்லக் கூடாத வார்த்தைகளைத் தானே எடுத்துவிட்டார். இரண்டு பையன்களும் போட்டி போட்டுக்கொண்டு பேசித் தள்ளினார்கள்.

புத்தகம், ஆங்கிலம், புதுச் சொற்கள் என்று வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை, அதை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் சக பிள்ளையோடு பேச்சு நின்றுபோனால் அதில் எதிரே இருப்பவனுக்கும் பங்கு உண்டு. டெல்லியின் பெரிய தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டி வந்ததே, அதைப் பொருளியலாளர் கௌதம் ராவ் ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகளிடம், அவர்களை ஒதுக்கும் புத்தி குறைந்திருந்தது. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழு பிரித்திருந்தார்கள். அதில் தற்செயலாக ஒன்று சேர்ந்தவர்களிடமும் இந்த மாற்றம் தெரிந்தது.

அதனால், 'உங்களுக்குப் பிடித்தவர்களோடு உட்காருங்கள்' என்பதை முதலில் விடுங்கள். அட்டெண்டன்ஸ் வரிசைப்படி குழு பிரித்து, ஒரு டெர்ம் முழுக்க மாற்றாமல் வையுங்கள். குழுவுக்குள் தமிழில் பேசட்டும், ஃபைன் கிய்ன் எல்லாம் வேண்டாம். 'என் பிள்ளையை ஏன் அங்கே உட்கார வைத்தீர்கள்' என்று ஓரிரு பெற்றோர் போன் செய்வார்கள். அட்டெண்டன்ஸ் வரிசை என்று சொல்லிவிடுங்கள்.