பதிவேட்டில் பூஜ்யம், முதலுதவிப் பெட்டி காலி

உங்கள் தொழிற்சாலையில் ஆறு மாதமாக விபத்துப் பதிவேடு வெறுமையாக இருக்கிறது, ஆனால் முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி மாதாமாதம் தீர்ந்துபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். பெரும்பாலும் விபத்து குறைந்திருக்காது, வெளியே சொல்வதுதான் குறைந்திருக்கும். 'விபத்தில்லா மாதம்' என்று போனஸ் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உண்மை நிலவரம் தெரிய புது மென்பொருள் இப்போதைக்கு வேண்டாம். வருகைப் பதிவு, ஓவர்டைம் மணி, இயந்திரம் நின்ற நேரம், பெட்டியிலிருந்து எடுத்த பொருள் எல்லாம் எங்காவது எழுதப்பட்டுத்தானே இருக்கும்? ஷிப்ட் வாரியாக ஒரே எக்செல் தாளில் சேருங்கள். ஓவர்டைம் கூடிய வாரத்துக்கு அப்புறம் கட்டுத்துணியும் விடுப்பும் கூடுகிறதா என்று பாருங்கள்.

பிரிவுகளை ஒப்பிடும்போது வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) முறையில் சம்பவ எண்ணிக்கையை 2,00,000-ஆல் பெருக்கி, உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுப்பார்கள் (100 பேர் வாரம் 40 மணி வீதம் 50 வாரம் உழைத்தால் வருவதுதான் அந்த 2,00,000; அதனால் கிடைப்பது 100 பேருக்கான ஆண்டு விகிதம்). சின்னப் பிரிவில் ஒரே ஒரு சம்பவம் விகிதத்தை எகிற வைக்கும், பதறாதீர்கள்.

அப்புறம், காயம்பட்டவர் பெயரை அந்தத் தாளில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஏற்றினால் அடுத்த மாதம் பெட்டியையும் யாரும் தொடமாட்டார்கள்.