ஏழு மாடியும் பத்துக்குப் பத்து அறையும்

கேள்வி: ஜப்பானில் நாகசாகிக்குப் பக்கத்தில், ஆளே இல்லாமல் கிடக்கும் ஹஷிமா தீவின் வீடியோ பார்த்தேன். 1916லேயே சுரங்கத் தொழிலாளிக்கு ஏழு மாடிக் கான்கிரீட் வீடு! யுனெஸ்கோவும் அந்தக் கட்டடங்களைப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது. முதலாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலாளிக்கு மாலை போடுமுன் அந்த ஏழு மாடியையும் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஏறத்தான் வேண்டும், லிப்ட் கிடையாது. 30ஆம் எண் கட்டடம் அது. நடுவில் கிணறு மாதிரி முற்றம், சுற்றிலும் அறைகள். அறை ஒவ்வொன்றும் நம் கணக்கில் பத்துக்குப் பத்து. கக்கூஸ் பொது, குளியல் பொது. கடலுக்கடியில் 30 டிகிரி சூட்டில், 95 சதவீத ஈரப்பதத்தில் வெந்து, உடம்பெல்லாம் கரியோடு ஷிப்ட் முடித்து வருகிறவன் ஏறுகிற படி அது. மேலாளருக்கு மட்டும் பாறை உச்சியில் தனி வீடு.

1890இல் மிட்சுபிஷி இந்தத் தீவை வாங்கியது. சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டிக் கொட்டிப் பெருக்கியும் மொத்தம் 6.3 ஹெக்டேர்தான், நம் கணக்கில் 16 ஏக்கர்கூட வராது. நிலக்கரி கடலுக்கடியில். தோண்டுகிறவன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். பக்கவாட்டில் இடமில்லை, புயல் வந்தால் மர வீடு தாங்காது. அதனால் கான்கிரீட், அதனால் மாடி. சுரங்கத்துக்குள் ஆளை இறக்கக் கூண்டு வைத்த அதே தொழில் கணக்குதான், கருணை அல்ல. 1957இல் கடலடிக் குழாய் வரும்வரை குடிதண்ணீர் கப்பலில் வந்தது. செடி வளர்க்க மண்ணையும் வெளியிலிருந்து கொண்டுவந்து மொட்டை மாடியில் கொட்டினார்கள்.

சரி, நல்ல காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொழிற்சங்கம் வந்தது, கூலி உயர்ந்தது. 1960 வாக்கில் அங்கே 5,200 பேருக்கு மேல். பள்ளி, ஆஸ்பத்திரி, சினிமா கொட்டகை, அநேகமாக எல்லா வீட்டிலும் டிவி. அங்கே வளர்ந்தவர்கள் இன்றும் ஏக்கத்தோடுதான் பேசுகிறார்கள்.

அப்புறம் யுனெஸ்கோ. 2015இல் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் அது மெய்ஜி என்ற ஜப்பானியச் சக்கரவர்த்தி காலத்துத் தொழில் வளர்ச்சிக்கான பட்டியல். 1910ஓடு கணக்கு முடிகிறது. கடல்தடுப்புச் சுவரும் பழைய சுரங்கத்தின் மிச்சமும்தான் அதில் சேரும். நீங்கள் மெச்சிய வீடு ஆறு வருஷம் பிந்திப் பிறந்ததால் சேராது. அந்தப் பட்டியலுக்காக ஜப்பான் ஒன்றை ஒப்புக்கொண்டது: 1940களில் கொரியர்கள் உட்படப் பலர் விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்டு, கடுமையான நிலைமையில் வேலை வாங்கப்பட்டார்கள் என்று. அதை விளக்குகிறோம் என்று டோக்கியோவில் ஒரு மையம் திறந்தார்கள். அங்கே போனால் 'பாகுபாடே கிடையாது' என்கிற பழைய தீவுவாசிகளின் பேச்சுதான் முன்னால் நின்றது. 2021இல் யுனெஸ்கோ குழு வருத்தம் தெரிவித்தே தீர்மானம் போட்டது. உங்கள் வீடியோவில் இது வந்ததா?

எண்ணெய் வந்ததும் கரிக்கு மவுசு போனது. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி கடைசிக் குடும்பமும் படகேறியது. வீடும் கம்பெனியுடையது, தீவும் கம்பெனியுடையது, மூன்றே மாதம். டிவிப் பெட்டிகள் அங்கேயே கிடந்தன.

2009 முதல் சுற்றுலாப் பயணிகளை விடுகிறார்கள், வேலி போட்ட பாதையில் மட்டும். 30ஆம் எண் கட்டடத்துக்குள் போக முடியாது. அதில் ஒரு பகுதி 2020இல் இடிந்து விழுந்துவிட்டது.