பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கோவில்பட்டியிலிருந்து எழுதிய ஐயாவுக்கு,

மகள் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து ஒரு மெட்ரிக் பள்ளியில் பாடம் எடுக்கிறார். மாணவர்களுக்குப் படிப்பும் வேலையும் திட்டமிட உதவும் ஆலோசகராக வேண்டும் என்கிறார். உங்கள் மைத்துனரோ, "அதெல்லாம் ஒரு வேலையா? எம்.பி.ஏ. சேர்த்துவிடுங்க மச்சான், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக்க நல்லா இருக்கும்" என்கிறாராம். உங்கள் குழப்பம் புரிகிறது. ஆனால் 10 லட்சம் கல்விக்கடனுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கணக்கு இதுதான். 10 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 17,100 ரூபாய். மொத்தம் 14 லட்சத்தைத் தாண்டும். படிக்கும் இரண்டு ஆண்டுகளில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அந்தத் தவணையைக் கட்டுவதற்காகவே அவர் பிடிக்காத வேலையில் உட்கார வேண்டிவரும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள 14 லட்சம் அதிகம். மைத்துனர் தவணை கட்டப் போவதில்லை என்றால் இதில் அவருக்கு ஓட்டும் இல்லை.

மகள் கேட்கும் வேலை என்ன என்பதையே வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை என்று தெரிகிறது. நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் ஒன்று சீட் ஒதுக்கீடு, இல்லையென்றால் மனநோய். இது இரண்டுமில்லை. ஒரு பிளஸ் டூ பையன் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 வாங்கி வருகிறான் என்று வையுங்கள். பொறியியல் கட்-ஆஃபுக்குக் கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 92, 42, 39 சேர்த்து 173. இதைச் சொல்ல ஆலோசகர் தேவையில்லை, செல்போன் போதும். அவன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தானா, 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டா, வீட்டில் முதல் பட்டதாரியா, அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்தாயிற்றா, கல்லூரிப் பட்டியலை ஆசைப்படும் வரிசையில் நிரப்பினானா அல்லது 'கிடைக்கும்' என்று நினைத்ததை மேலே போட்டுக் கெடுத்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்பவர்தான் ஆலோசகர். அவன் பொறியியலைத்தான் விரும்புகிறானா என்பதை இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்டிருக்க வேண்டும். அதற்குச் சரியான இடம் பத்தாம் வகுப்பு. பதினொன்றில் கணிதம் இல்லாத குரூப் எடுத்தபின் சில கதவுகள் சாத்திவிடும்.

டெட், டி.ஆர்.பி. என்ற அரசு ஆசிரியர் தேர்வுகள் பற்றி உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். "வீட்டிலிருந்தே தபாலில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடிக்கட்டும்" என்று யாராவது சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் படிப்புக்குச் சேர்க்கை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லிவிட்டது. இன்னும் சேர்த்துக்கொள்கிறோம் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் வீட்டில் பேச்சிலேயே அடிபடாத ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் பள்ளிக் கல்வி ஆய்வு அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்தும் ஓராண்டு வழிகாட்டல், ஆலோசனை டிப்ளமோ. தென் மாநிலங்களுக்கான மையம் மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனம். பி.எட். முடித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் படிப்பு இது. ஜனவரியில் தொடங்கும் என்பதால் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்ப அறிவிக்கையைத் தேட வேண்டும். ஜூனில் கல்லூரி தேடும் பழக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கோட்டை விடுவது அங்கேதான்.

முதல் 6 மாதம் வீட்டிலிருந்தபடியே பாடநூல்களைப் படித்து ஒப்படைப்புகள் எழுதி அனுப்ப வேண்டும். கல்வியாண்டு முடியும்வரை பள்ளி வேலையை விட வேண்டாம், சம்பளம் வந்துகொண்டிருக்கும். அடுத்த 3 மாதம் மைசூரில் நேரடி வகுப்பு. கடைசி 3 மாதம் சொந்த ஊர்ப் பக்கமே ஒரு பள்ளியில் களப்பயிற்சி. மனித வளர்ச்சி, ஆலோசனை முறைகள், தொழில் தகவல் திரட்டுதல், சோதனைகள், அடிப்படைப் புள்ளியியல் எல்லாம் பாடத்தில் வரும். புள்ளியியலில் மற்றவர்கள் திணறுவார்கள், உங்கள் மகளுக்கு அது கைவந்தது. அவருக்கு உதைக்கப் போவது வேறு. கணக்கு டீச்சருக்குக் கேள்வியைப் பார்த்ததும் கை விடைக்குப் போகும். இங்கே விடையை மாணவன் வாயிலிருந்து வரவைக்க வேண்டும், அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

சிக்கல்கள் உண்டு. வகுப்பு ஆங்கிலத்தில்தான். ஒப்படைப்புகளை மார்ச் தேர்வு நேரத்தில் தள்ளிப்போட்டால் ஜூனில் கழுத்தை நெரிக்கும். தனியார் பள்ளி 3 மாத விடுப்பு தராது, கல்வியாண்டு முடியும்போதே விலகத் தயாராக இருக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் கட்டணம், 3 மாதத் தங்கல், சாப்பாடு, தூத்துக்குடி-மைசூரு எக்ஸ்பிரஸ் டிக்கெட். எல்லாம் சேர்ந்தாலும் அந்த எம்.பி.ஏ.யின் ஒரு செமஸ்டர் கட்டணத்தைத் தொடாது.

வேலைக்கு வருவோம். சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் பள்ளியில் ஆலோசகர் இருக்க வேண்டும் என்கின்றன. பட்டத்தோடு இந்தத் துறை டிப்ளமோ வைத்திருப்பவரையும் அந்தப் பணிக்கு ஏற்கின்றன. கேந்திரிய வித்யாலயாக்கள் ஆண்டுதோறும் ஒப்பந்தத்தில் ஆள் எடுக்கும்போது வழக்கமாக உளவியல் பட்டத்தையும் கேட்கும். உங்கள் மகளிடம் இருப்பது கணிதம், அந்தக் கதவை நம்ப வேண்டாம். தனியார் பள்ளியில் சேரும்போது பணி விவரத்தை எழுத்தில் வாங்கட்டும். இல்லையென்றால் ஆலோசகர் என்று எடுத்துவிட்டு, லீவு போட்ட ஆசிரியரின் வகுப்புக்கும் அட்மிஷன் மேசைக்கும் அனுப்புவார்கள். தொடக்கச் சம்பளம் ஆசிரியர் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும். கடன் இல்லாதவருக்கு அது தாங்கும், 17,100 தவணை உள்ளவருக்குத் தாங்காது.

கல்லூரிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் 'கன்சல்டன்சி', விரல் ரேகை பார்த்துப் படிப்பு சொல்லும் கடை, இந்த இரண்டு பக்கமும் அவர் போகக் கூடாது. ரேகை சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். தெருவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரோடு தலைக்கு ஒரு மணி நேரம் உட்காரட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: பிடித்த பாடம், மதிப்பெண், வீட்டால் கட்ட முடிந்த தொகை, இரண்டு வழிகள், ஒரு மாற்று வழி. மூன்றாவது பிள்ளைக்குள் அலுத்துப்போனால் வேறு யோசிக்கலாம். அலுக்கவில்லை என்றால் அந்தத் தாள்களை மைத்துனரிடமும் காட்டுங்கள், அவர் பையன் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு என்று எழுதியிருந்தீர்களே.