ஆறு தூக்கில் இரண்டு தவறினாலும் பதக்கம் உண்டு

கேள்வி: அக்கா, நான் முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். மகளுக்குப் பதினாறு வயது, பளு தூக்குகிறாள். போன வருஷம் மாவட்டத்தில் தங்கம் வாங்கினாள். இந்த முறை மாநிலப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (கம்பியை முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது) மூன்று தடவையும் கம்பி கீழே விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவள் இன்னும் எடுக்கவில்லை. மாமியார், "நல்லதாப் போச்சு, பொட்டப்புள்ளைக்கு கர்ப்பப்பை எறங்கிரும், குட்டையாவே நின்னுருவா, எவன் கட்டுவான்" என்கிறார். விட்டுவிடச் சொல்லவா?
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: சொல்லாதீர்கள் தங்கச்சி. உங்கள் மகளுக்கு நடந்தது அப்படியே பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவுக்கும் நடந்திருக்கிறது, அதுவும் ஒலிம்பிக்கில். 2016 ரியோவில், அவருடைய 22-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், மூன்று கிளீன் அண்ட் ஜெர்க்கும் போய்விட்டது, பெயருக்கு நேரே டோட்டலே இல்லை (கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டிலும் தூக்கிய அதிக எடைகளின் கூட்டுத்தான் டோட்டல்). மறு வருஷமே அனாஹெய்ம் உலகப் போட்டியில் ஸ்னாட்ச் 85, கிளீன் அண்ட் ஜெர்க் 109, ஆக 194 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அப்புறம் டோக்கியோ, 202 கிலோ, வெள்ளி. அந்த வெள்ளி வாங்கிய நாளிலும் ஆறு தூக்கில் (வகைக்கு மூன்று) இரண்டு தவறின: ஸ்னாட்ச்சில் 89 போனது, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 117 போனது. இதை மகளிடம் சொல்லுங்கள். தவறாமல் தூக்கும் ஆள் இந்த விளையாட்டில் கிடையாது.

ஆனால் மூன்றும் போனதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சியாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், முதல் தூக்குக்கு எத்தனை கிலோ சொன்னீர்கள் என்று. கம்பியில் ஏற்றிய எடையைப் போட்டியில் இறக்க முடியாது, தவறினால் அதே எடையை மறுபடி தூக்கலாம், இல்லையென்றால் கூட்டலாம், அவ்வளவுதான். பயிற்சியில் 80 கிலோ எப்போதாவது ஒரு நாள் ஏறுகிற பிள்ளைக்கு மெடல் ஆசையில் முதலிலேயே 79 சொல்லிவிட்டால் மூன்று முறையும் அந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டு நிற்பாள். முதல் தூக்கு, தூக்கம் கெட்ட நாளிலும், மாதவிலக்கு நாளிலும் ஏறுகிற எடையாக இருக்க வேண்டும். அது ஏறி தூக்கு சரி என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்கும் எரிந்துவிட்டால், அடுத்த தூக்குக்கு வருகிற பிள்ளையின் முகமே வேறாக இருக்கும்.

இன்னொன்று, அவளைப் பட்டினி போட்டு, உடல் எடையைக் குறைத்து, எடைப்பிரிவுக்குள் இறக்கினார்களா? நானும் இளவயதில் தூக்கியவள்தான். ஒரு போட்டிக்கு முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க விடவில்லை, மழைக்கோட்டைப் போட்டு வெயிலில் ஓடவிட்டார்கள். எடை பார்க்கும்போது 200 கிராம் குறைவாகவே இருந்தேன், எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மணி நேரம் கழித்து மேடையில் கம்பியைப் பிடித்துக் குனிந்தபோது கண் இருட்டி, தட்டின் சிவப்பு மட்டும் தெரிந்தது. இன்றைக்கும் அந்தச் சிவப்பு ஞாபகம் இருக்கிறது. வளர்கிற பிள்ளை வளரட்டும், அடுத்த எடைப்பிரிவுக்குப் போனால் போகட்டும். பட்டினியால் மாதவிலக்கு நின்றுபோனால், சும்மா இருக்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டுக்கு டப்பா பவுடர் வேண்டாம். முட்டை, சுண்டல், கருவாடு, நம் வீட்டு உளுத்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், வாரம் ஒரு நாள் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. ஜிம்மில் யாராவது கொடுத்த பவுடரில் ஊக்கமருந்து கலந்திருந்து சோதனையில் மாட்டினால், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஸ்டீராய்டு என்றால் நான்கு வருஷம் வரை தடை, பதினாறில் மாட்டினால் வெளியே வர இருபதுகூட ஆகிவிடலாம்.

இனி மாமியார். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்து முறையாகத் தூக்கினால் உயரம் நின்றுபோகும் என்பதற்கு ஆதாரமே இல்லை. கல்யாணம், கர்ப்பப்பைக்கு கர்ணம் மல்லேஸ்வரியைச் சொல்லுங்கள்: 1997-ல் கல்யாணம், 2000-ல் சிட்னியில் 240 கிலோ தூக்கி வெண்கலம், இந்தியப் பெண் ஒருத்தி வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, 2001-ல் ஆண் குழந்தை. அதுவும் போதாதென்றால் பொங்கலுக்கு வள்ளியூர்ப் பக்கம் வடலிவிளைக்குக் கூட்டிப் போங்கள், ஆம்பிள்ளைகள் இளவட்டக்கல் தூக்குகிற அதே போட்டியில் பெண்களும் தூக்குவதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும்.

ஷூவை நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். தூசி மட்டும் தட்டி, அவள் பார்க்கிற இடத்தில் வையுங்கள். நீங்கள் அவள் தூக்குவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் ஒரு நாள் பீடித்தட்டை ஓரம் வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: தங்கை பளு தூக்குதலில் தேசியப் போட்டி வரை போனவள். இதை நம்பிப் படிப்பை விடலாமா?
– ஒரு அண்ணன், அம்பாசமுத்திரம்

பதில்: விடக்கூடாது. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, ரயில்வேயும் ஆள் எடுக்கிறது, ஆனால் அந்தந்த வேலைக்கான படிப்பும் கையில் இருக்க வேண்டும். அங்கீகாரம் உள்ள சங்கம் நடத்தும் போட்டிக்கு மட்டும் அனுப்புங்கள், சான்றிதழ்களை லேமினேட் செய்யாமல் ஃபைலில் போட்டு வையுங்கள்.

கேள்வி: உள்ளங்கை காய்த்துப்போய், கம்பி உரசும்போது தோல் கிழிகிறது அக்கா.
– ஒரு மாணவி, வள்ளியூர்

பதில்: காய்ப்பு இருக்கட்டும்மா, அது உன் கைக்குக் காவல். மேடாக வளரவிட்டால்தான் கிழியும். குளித்து முடித்து, தோல் ஊறியிருக்கும்போது, பாதம் தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கு, பிளேடு வேண்டாம். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவு. காலையில் பயிற்சிக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவிவிடு, எண்ணெய்க் கையில் கம்பி நிற்காது.