ராஜினாமாவுக்கு முந்தைய ஆண்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழு ஆண்டுகளாக இணையதளங்களை உருவாக்கித் தரும் நிறுவனமொன்றில் நிரலாளராக இருக்கிறேன். மருத்துவர்களின் முன்பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றை மாலை வேளைகளில் எழுதி வருகிறேன். அறிமுகமான சில மருத்துவமனைகள் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்துகின்றன. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக ஆக்கிக்கொள்ள விரும்புகிறேன், ஆனால் துணிவு வரவில்லை. நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி (பிரவுசர்) நிறுவனத்தைத் தொடங்கியபோது மார்க் ஆண்டிரீசனுக்கு 22 வயது. எனக்கு 31. காலம் கடந்துவிட்டதா?

ர.

அன்புள்ள ர.,

துணிவையும் வயதையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கோ, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இன்னொரு வரிதான் முதன்மையாகப் படுகிறது. உங்கள் மென்பொருளை நம்பிச் சில மருத்துவமனைகள் தங்கள் அன்றாட வேலையை நடத்துகின்றன. இணையத் தொழில்முனைவோரின் பாதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ராஜினாமா பின்னால் வருவது.

நெட்ஸ்கேப்பையே எடுத்துக்கொள்வோம். 1994 ஏப்ரலில் தொடங்கி 1995 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்த அந்த 16 மாதங்களையே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆண்டிரீசன் அதற்கு முன்பே, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் மாணவப் பணியாளராக இருந்தபோது, எரிக் பினாவுடன் சேர்ந்து மொசைக் உலாவியை எழுதி 1993-இல் வெளியிட்டுவிட்டார். உலாவி என்றால் என்ன, அதைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதெல்லாம் நிறுவனம் பிறக்கும் முன்பே அவருக்குத் தெரியும். உடன் நின்ற ஜிம் கிளார்க்கோ, சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தை முன்னரே உருவாக்கியவர். தொடக்க முதலீட்டைத் தன் பணத்திலிருந்தே போட்டவர். இந்த இரண்டையும் நீக்கிவிட்டு 22 என்ற எண்ணை மட்டும் உங்கள் வயதோடு ஒப்பிடுவது உங்களுக்கு நீங்களே இழைத்துக்கொள்ளும் அநீதி.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானவர் என்று நான் கருதுவது இகோர் சிசோயெவை. ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் அவர் சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். அந்நாளில் பரவலாக இருந்த அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள், ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிச் செயல்முறையை (இயங்கும் நிரலின் ஒரு பிரதியை) ஒதுக்கியதால், ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் வந்து சேரும்போது நினைவகம் தாங்காமல் சர்வர் திணறியது. ஒரே செயல்முறை ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்து, எதில் வேலை வருகிறதோ அதை மட்டும் கையாளும் வகையில் ஒரு புதிய சர்வர் மென்பொருளை அவர் 2002-இல் எழுதத் தொடங்கினார். அதுவே எஞ்சின்எக்ஸ். 2004-இல் அதைப் பொதுவில் வெளியிட்டார். நிறுவனம் தொடங்கியது 2011-இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளிலும் அவர் சம்பளக்காரராகவே இருந்தார். ஆனால் நிறுவனம் பிறந்தபோது அதன் மென்பொருளை உலகின் பெருந்தளங்கள் ஏற்கெனவே நம்பியிருந்தன. 2019-இல் எஃப்5 என்ற நிறுவனம் அதை 67 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்தக் கதையின் அடுத்த பகுதியையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். விற்பனை நடந்த அதே ஆண்டு டிசம்பரில் எஞ்சின்எக்ஸின் மாஸ்கோ அலுவலகத்தைக் காவல்துறை சோதனையிட்டது. சிசோயெவ் தங்கள் ஊழியராக இருந்தபோது எழுதியது என்பதால் அந்த நிரலின் உரிமை தங்களுடையது என்று ராம்ப்ளர் கோரியதே காரணம். குற்ற வழக்கு பின்னர் கைவிடப்பட்டது என்றாலும், ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன் எழுதத் தொடங்கிய நிரலுக்காக அப்படியொரு நாள் வந்தது. மாலை வேளைகளில் எழுதுகிறேன் என்கிறீர்கள். எந்தக் கணினியில் எழுதுகிறீர்கள்? உங்கள் பணி ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய பிரிவு என்ன சொல்கிறது? பல ஒப்பந்தங்கள் அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதியதையும் நிறுவனத்துக்கே உரியதாக்குகின்றன. அப்படி இருந்தால், இந்த மென்பொருளில் தங்களுக்கு உரிமையில்லை என்று நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கும் வரை அதற்கு விலை வைக்காதீர்கள். துணிவைவிட இதுவே இப்போது அவசரம்.

உரிமை தெளிவான பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம். 37சிக்னல்ஸ் 1999-இல் இணையதள வடிவமைப்பு நிறுவனமாகத் தொடங்கியது. வாடிக்கையாளர் பணிகளை ஒழுங்குபடுத்தத் தமக்கென எழுதிக்கொண்ட பேஸ்கேம்ப்பை 2004-இல் மாதச் சந்தாவுக்கு வெளியிட்டார்கள். வடிவமைப்புப் பணி அதுவரை சோறு போட்டது. சந்தா வலுப்பெற்ற பிறகே அதை விட்டார்கள். மாட் முல்லென்வெக்கும் அவ்வாறே நிதானமாகத்தான் நடந்தார். 2003-இல், வளர்ச்சி நின்றுபோயிருந்த பி2 என்ற கட்டற்ற மென்பொருளை மைக் லிட்டிலுடன் சேர்ந்து எடுத்துச் செப்பனிட்டு வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளாக ஆக்கினார். பிறகு வேறொரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டோமாட்டிக் என்ற தன் நிறுவனத்தை 2005-இல்தான் தொடங்கினார். மென்பொருள் இலவசமாகவே நீடித்தது. வருமானம் அதைச் சுற்றிய சேவைகளிலிருந்து வந்தது.

உங்கள் மருத்துவமனைகள் இன்னும் எதுவும் செலுத்தவில்லை. நட்புக்காக ஏற்றுக்கொண்டவர்களின் பாராட்டை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு தொகை என்று சொல்லிப் பாருங்கள். சிலர் விலகுவார்கள், அது வலிக்கும். தங்குபவர்கள் எதற்காகத் தங்குகிறார்கள் என்று நேரில் கேட்டறியுங்கள். நீங்கள் பெருமையாக நினைக்கும் வசதியைவிட, நோயாளிக்குத் தானாகப் போகும் நினைவூட்டல் போன்ற எளிய ஒன்றுக்காகவே அவர்கள் இருக்கக்கூடும். விலை வைத்த நாளிலிருந்து உங்கள் வேலையின் இயல்பும் மாறும். காலையில் முன்பதிவு திறக்கவில்லை என்றால் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் நீங்கள். நோயாளிகளின் விவரங்கள் கசிந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள். நிரல் எழுதும் நேரம் குறைந்துகொண்டே போகும். அதை மிக நேசிப்பவர்களுக்கு இது உண்மையான இழப்பு, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

வயதைப் பொறுத்தவரை, உங்கள் ஏழு ஆண்டுப் பணி கணக்கில் சேர வேண்டியது. மற்றவர்கள் எழுதிய நிரலைத் திருத்தியதும், கோபமான வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்கியதும் அந்த ஆண்டுகளில்தானே நடந்திருக்கும்? 22 வயதில் ஒருவரிடம் அது இருப்பது அரிது.

ஒப்பந்தத்தைப் படித்து, மருத்துவமனைகளிடம் விலையையும் சொல்லிவிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள். எத்தனை பேர் தங்கினார்கள் என்று தெரிந்தால், வேலையை எப்போது விடலாம் என்பதைப் பற்றி இதைவிடத் திட்டமாகப் பேச முடியும்.

அன்புடன்.