கையில் கைப்பேசியோடு வந்த தாய்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை ஒட்டிய சிறு பட்டணம் எங்களுடையது. நானும் கணவரும் பினாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். 16 மாத மகன் மாமியாரிடம் வளர்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறோம். அவன் என்னைத் தேடுவதே இல்லை. தாய் வெளியே போய்த் திரும்பும் சோதனை ஒன்றை இணையத்தில் பார்த்து, வீட்டில் செய்தேன். மூன்று நிமிடம் கழித்துப் படம் எடுத்தபடியே உள்ளே வந்தேன். ஒரு தரம் பார்த்துவிட்டு லாரி பொம்மையைத் தள்ளினான். பாட்டி வந்ததும் சேலையைப் பிடித்துக்கொண்டான். மாமியார் அவனைப் பிரித்துவிட்டாரா?

பதில்: "படம் எடுத்தபடியே உள்ளே வந்தேன்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. பிள்ளை நிமிர்ந்து பார்த்த அந்த நொடியில் உங்கள் முகம் கைப்பேசிக்குப் பின்னால் இருந்தது. அவன் யாரிடம் வருவான்?

அந்தச் சோதனையை வகுத்தவர் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த். பிள்ளைக்குப் பழக்கமில்லாத அறை, அறிமுகமில்லாத ஒரு பெண், சுமார் 20 நிமிடத்தில் எட்டுக் கட்டம், தாய் இருமுறை வெளியேறுவார். ஆய்வாளர்கள் உற்றுக் கவனித்தது தாய் திரும்பி வரும் நேரத்தை: பிள்ளை நெருங்குகிறதா, தேறுகிறதா, மறுபடி விளையாடப் போகிறதா என்று. பார்ப்பவர்கள் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அப்பால் இருந்தார்கள். தாய்க்குப் பிள்ளையைத் தவிர வேறு வேலை இல்லை. அதற்கு முன்பே அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களின் வீட்டுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் போல உட்கார்ந்து, அழுத பிள்ளையைத் தாய் எவ்வளவு விரைவில் தூக்குகிறாள், எப்படித் தூக்குகிறாள் என்று ஓராண்டு குறித்திருந்தார்கள். நீங்களோ மூன்று நிமிடப் படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்!

அவன் லாரியைத் தள்ளியதை வைத்து மனதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. தாய் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளையாடும் பிள்ளைகளின் இதயத் துடிப்பு அந்நேரம் கூடியிருந்ததை ஸ்ரூஃப், வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1977இல் காட்டினார்கள். உங்கள் மகன் அந்த வகை என்று நான் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர்களே நிதானித்துச் சொல்லும் விஷயம் அது.

மாமியார் மீது பழி போடுவது எனக்குக் கோபமூட்டுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஷாஃபர், எமர்சன் என்ற ஆய்வாளர்கள் 1964இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. இரவில் அழுதால் எழுந்திருப்பவர் சேலையைத்தானே அவன் பிடிப்பான்? நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போன தாய்மார்களும் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுத்தான் போனார்கள். ஆனால் அன்றைக்கே திரும்பித் தூக்கிக்கொண்டார்கள். நீங்கள் திரும்ப இரண்டு வாரம் ஆகிறது.

பிள்ளையைப் பினாங்குக்கு அழைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் உங்களில் ஒருவர் ஈப்போ பக்கம் வேலை தேடுங்கள். சம்பளம் குறையும், தெரியும். பெற்றவர்கள் ஏற்க வேண்டிய குறைதான் அது. கணவரையும் சேர்த்தே சொல்கிறேன். கடிதத்தில் ஒரு வரிக்கு மேல் அவர் பேச்சே இல்லை. அழைத்துப் போவதானாலும் பாட்டி மடியிலிருந்து ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் சில நாள் அவருடன் தங்கிப் பழக்குங்கள்.

அதுவரை, போனதும் பையை வாசலில் வைத்துவிட்டுத் தரையில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். லாரியைத் தள்ளினால் நீங்களும் தள்ளுங்கள். புறப்படும்போது சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அழுதால் அழட்டும், ஒளிந்து போகாதீர்கள். மாமியாரிடம் குற்றம் கேட்பதை விட்டு, பிள்ளை எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறான், எப்படித் தட்டினால் தூங்குகிறான் என்று கேளுங்கள்.